ரத்தான நான்காவது சுற்று: நிலாவெளிக்கு வடக்கே ஒரு கிளைடர் போட்டி

திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக்கு வடக்கே கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பாறை மேட்டில், ஓகஸ்ட் மாதத்துச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தரையில் நின்று ரேடியோவால் ஓட்டும் கிளைடர் விமானங்களுக்கான போட்டி ஒன்று நடந்தது. எட்டுப் பேர் பறக்கவிட்டார்கள். ஞாயிறு மத்தியானத்துக்குச் சற்று முன் தொடங்கிய நான்காவது சுற்று பாதியில் நின்றது. பிறகு முழுதாகவே ரத்துச் செய்யப்பட்டது. அது நின்ற நேரத்தில் அந்தச் சுற்றில் முதலாவதாக இருந்தவன் திருகோணமலைப் பையன் ஒருவன். உயர்தரம் படிக்கிறான். ரெஜிபோம் நுரையைச் சூடான கம்பியால் அறுத்து, மேலே பாக்கிங் டேப் சுற்றித் தானே செய்த சிறகோடு வந்தவன். மற்றவர்களில் பெரும்பாலானோரிடம் இருந்தவை காபன் இழையில் வார்த்த, மூன்று மீற்றர் சிறகு விரியும் விமானங்கள்.

அவனுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அன்றிரவே பேச்சு எழுந்தது. பல நாள் ஓயவில்லை. மேட்டின் விளிம்பில் இருந்து காற்றைக் குறித்துக்கொண்டது நான். அந்தக் குறிப்புகளையும் புள்ளித் தாளையும் வைத்து, என்ன நடந்தது, ரத்துச் செய்தது சரியா, வேறு வழி இருந்ததா என்பதை முழுமையாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ரத்து சரி. ஆனால் அன்று மேட்டில் சொல்லப்பட்ட காரணம் சரியான காரணம் அல்ல.

பறப்பும் புள்ளியும்

இந்த விமானங்களுக்கு இயந்திரம் இல்லை. கடலிலிருந்து வரும் காற்று மேட்டில் மோதி மேல்நோக்கித் திரும்பும். அந்த ஏற்றத்தில்தான் விமானம் நிற்கிறது. விமானம் தன் பாட்டில் எப்போதும் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். நல்ல கிளைடர் செக்கனுக்கு அரை மீற்றர் அளவில் இறங்கும். அது இறங்குவதைவிட வேகமாகக் காற்று ஏறினால் விமானம் உயரும். கோணேசர் கோயில் மலையில் நின்று கடலைப் பார்த்தவர்கள் செம்பருந்துகள் சிறகை அசைக்காமல் விளிம்போடு போய் வருவதைக் கண்டிருப்பார்கள். அதே காற்று, அதே வித்தை.

போட்டியில் ஆளுக்கு ஆள் எதிர்த்து ஓடுவதில்லை. ஒவ்வொருவராகப் பறக்கவிட வேண்டும். சர்வதேச விமான விளையாட்டுச் சம்மேளனம் எஃப்3எஃப் என்று வகைப்படுத்தும் முறை இது. இதன் முதல் உலகச் சாம்பியன் போட்டி 2012இல் ஜெர்மனியின் ரூகன் தீவில் நடந்தது. மேட்டின் விளிம்பின் நீளவாக்கில், 100 மீற்றர் இடைவெளியில் இரண்டு எல்லைகள். விமானம் அவற்றுக்கிடையே பத்துத் தடவை ஓட வேண்டும். மொத்தம் ஒரு கிலோமீற்றர். எறிந்ததிலிருந்து 30 செக்கனுக்குள் உயரம் எடுத்துக்கொண்டு ஓட்டத்துக்குள் நுழைய வேண்டும். எல்லையைக் கடந்ததும் அங்கே நிற்கும் நடுவர் சத்தம் கொடுப்பார். அதைக் கேட்டு ஓட்டுபவர் திருப்புவார். எங்களிடம் விசிலும் கொடியும்தான். நடுவில் நிற்பவருக்கு 50 மீற்றர் தூரத்து விசில் வந்துசேர ஏறக்குறைய 0.15 செக்கன் ஆகிறது. செக்கனுக்கு 25 மீற்றர் வேகத்தில் போகும் விமானம் அதற்குள் நாலு மீற்றர் அளவு தாண்டிவிடும். ஆனால் இது எல்லாருக்கும் ஒன்றுபோல நடப்பதால் நியாயம் கெடாது.

புள்ளி போடும் முறையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், இந்த வழக்கு முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. ஒரு சுற்றில் மிக வேகமாக முடித்தவருக்கு 1000 புள்ளி. மற்றவர்களுக்கு அவருடைய நேரத்தைத் தங்கள் நேரத்தால் வகுத்து 1000 ஆல் பெருக்கி வருவது. 40 செக்கன் முதல் என்றால் 50 செக்கனுக்கு 800. ஆகவே ஒருவரின் புள்ளி அவர் கையில் மட்டும் இல்லை. சுற்றில் கடைசி ஆள் இறங்கும்வரை யாருக்கும் எந்தப் புள்ளியும் உறுதியில்லை. மூன்றுக்கு மேற்பட்ட சுற்றுகள் பறந்தால் ஒவ்வொருவருடைய மிகக் குறைந்த சுற்றும் கழிக்கப்படும்.

காற்றுக்கும் வரம்பு உண்டு. செக்கனுக்கு 3 மீற்றருக்குக் குறைந்தாலோ 25க்கு மேற்போனாலோ பறப்பு செல்லாது. ஓட்டப் பாதைக்குச் செங்குத்தான திசையிலிருந்து 45 பாகைக்கு மேல் காற்று விலகினாலும் அப்படியே. இந்த நிலை குறைந்தது 20 செக்கன் நீடித்தால் மறுபறப்புக் கேட்க உரிமை இருக்கிறது.

இடமும் பருவமும்

திருகோணமலையில் சரிவு என்றதும் எல்லாரும் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையைத்தான் சொல்வார்கள். கடலிலிருந்து செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் அந்தப் பாறையைவிட நல்ல ஏற்றம் தரும் இடம் இந்தக் கரையிலேயே இல்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் கீழே பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், மேலே கோயில், எந்நேரமும் சனம். அங்கே மூன்று கிலோ விமானத்தை மணிக்கு 90 கிலோமீற்றரில் ஓடவிட எண்ணுவதே பிழை. துறைமுகத்தைச் சுற்றிய குன்றுகளில் கடற்படை. உள்துறைமுகத்துக்கு அப்பால் சீனன்குடாவில் விமானப்படைத் தளம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது. பிறகு நடந்த யுத்தத்தின் நினைவு எல்லாருக்கும் இருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆளில்லா விமானங்கள் எல்லாவற்றுக்கும் தடை வந்ததும் எங்களுக்கு மறக்கவில்லை. வானத்தில் ஒரு சிறகு தெரிந்தால் இங்கே பெரியவர்கள் நிமிர்ந்து பார்ப்பது இயல்பு. ஆகவே நகரை விட்டு வடக்கே போய், காணிக்காரரின் சம்மதத்தோடும் உரிய இடங்களில் அனுமதி பெற்றும்தான் வைத்தோம். பொழுதுபோக்குத்தானே என்று இதில் யாரும் அசட்டையாக இருக்கக்கூடாது.

மேடு பெரிதல்ல, பதினைந்து மீற்றர் உயரம் இருக்கும். கரை இங்கே கிழக்கு வடகிழக்கைப் பார்க்கிறது. மார்கழி தொடக்கம் மாசி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றுக்கு ஏறக்குறைய நேர் எதிர்முகம். அந்தக் காற்று நாள் முழுக்க ஒரே சீராக வரும். மழை ஓய்ந்த மாசி மாதம் சரிவுப் பறப்புக்கு இந்தக் கரை தரும் மிகச் சிறந்த காலம்.

பிறகேன் ஓகஸ்டில் வைத்தோம்? ஆட்கள் வருவது அப்போதுதான். நல்லூர்த் திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். விமானங்களும் அவர்களோடு நீளப் பெட்டிகளில் வருகின்றன. கொழும்பிலிருந்து வருபவர்களுக்கும் அப்போதுதான் வசதி. எட்டுப் பேரை ஒரே மேட்டில் சேர்ப்பது இந்த விளையாட்டில் சின்ன விசயம் அல்ல.

ஓகஸ்டில் வீசுவது கச்சான். தென்மேற்கிலிருந்து மலைநாட்டைத் தாண்டி, ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் உலர்ந்து சூடாக இறங்கும் காற்று. எங்கள் மேட்டுக்கு அது சரியாக முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது. தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று மேட்டின் முன்பக்கத்தில் கீழே விழுந்து சுழலும். அதில் எந்த விமானமும் நிற்காது. ஓகஸ்டில் பறக்கலாம் என்ற நம்பிக்கையைத் தருவது கடற்காற்று மட்டும்தான். வெயில் ஏறித் தரை சூடாக, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். கச்சான் பலமாக இருக்கும் நாளில் அது சீக்கிரம் வராது. கரையோரத்தில் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். சில நேரம் கடற்காற்று ஒரு தரம் உள்ளே வந்து, கச்சானிடம் தோற்றுப் பின்வாங்கி, பிறகு மறுபடி பலத்தோடு வரும். இரண்டாம் தரம் வந்தால் பெரும்பாலும் பொழுது சாயும்வரை நிற்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. அந்தக் கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி.

சனிக்கிழமை

காலை முழுக்கக் கச்சான். கம்பம் நட்டோம், தூரம் அளந்தோம், கதைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மணிக்குப் பிறகு கடற்காற்று வந்தது. நேரம் போகப் போக பலத்தது. மூன்று மணிக்குச் செக்கனுக்கு 9 மீற்றரைத் தொட்டது. மூன்று சுற்றுகள் தடையில்லாமல் முடிந்தன. காபன் விமானங்கள் 40 செக்கனைக் கடந்த நேரங்களில் ஓடின. பையன் 50ஐ ஒட்டி ஓடினான்.

இரண்டு விமானங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில் பெரும்பங்கு பாரம். பையனின் சிறகு 900 கிராம். சிறகுப் பரப்பில் சதுர டெசிமீற்றருக்கு 22 கிராம் அளவில்தான் சுமை. டொரொன்டோவிலிருந்து வந்தவரின் விமானம் வெறுமனே 2.3 கிலோ. பயணப் பெட்டியின் நிறைக் கட்டுப்பாட்டால் அவர் சுமைக் கட்டிகளைக் கொண்டுவரவில்லை. வலைக்குக் கட்டும் ஈயத்தைக் கடையில் வாங்கி, விமானத்துக்குள் இருக்கும் சுமைக் குழாயில் அடைத்து, 3.2 கிலோவாக ஆக்கியிருந்தார். நிறை கூடினால் அதன் வர்க்கமூல அளவில் வேகம் கூடும். இந்தக் கணக்கில் 18 சதவீதம். பலத்த காற்றில் அது முழு லாபம். ஆனால் விமானம் இறங்கும் வேகமும் அதே 18 சதவீதம் கூடும். காற்று செத்தால் அந்தக் கடன் உடனே கேட்கப்படும்.

ஞாயிறு, 11.40 முதல் 12.06 வரை

ஞாயிறன்று எல்லாருக்கும் அவசரம். கொழும்புக்காரர்கள் இருட்டுமுன் வெளிக்கிட வேண்டும். 11.25க்கே கிழக்கு வடகிழக்கிலிருந்து காற்று வரத் தொடங்கியதும் மேட்டில் ஒரே சந்தோசம். போட்டியை நடத்தியவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்; சின்னவர்கள் எல்லாருக்கும் மாமா. பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொன்னார்.

11.40க்கு முதலாமவர் எறிந்தபோது காற்று செக்கனுக்கு 4.5 மீற்றர், காற்றுத் திசை காட்டும் ரிப்பன் நேராக. ஏற்றம் மெல்லியது, 64 செக்கன். இரண்டாவது பையன். சீட்டுப் போட்டதில் கிடைத்த இடம் அது. அவன் ஓடும்போது கடற்பக்கமிருந்து ஒரு நல்ல தள்ளல் வந்து காற்று 5.8க்கு ஏறியது. அதை அவன் கையாண்ட விதத்தைச் சொல்லாமல் போக முடியாது. திருப்பங்களில் மூக்கைக் கடுமையாக இழுக்கவில்லை. சிறகை அகலமாகச் சாய்த்து, வேகத்தைச் சிந்தவிடாமல் சுற்றி வந்தான். இலகுவான விமானத்துக்கு வேகம் ஒருமுறை போனால் திரும்பி வராது என்பதை அவன் நன்றாக அறிந்திருக்கிறான். 58 செக்கன். காற்று உதவியது உண்மை. ஆனால் அந்த ஓட்டத்தை அப்படி ஓட அந்த மேட்டில் இன்னும் ஒருவரால்கூட முடிந்திருக்குமா என்பது சந்தேகம்.

மூன்றாமவர் 60. நாலாமவர் 65. ஐந்தாமவர் 66, அவர் ஓடும்போது காற்று 3.6. வரம்புக்குள்தான். ஆனால் அதற்குள் வேறு அடையாளங்கள் தெரியத் தொடங்கின. கரையை ஒட்டிய நீர் சுருக்கமில்லாமல் கண்ணாடியாக ஆனது. சுருக்கம் விழுந்த நீர் அதற்கு அப்பால் ஒரு கோடாகத் தள்ளிப்போனது. பின்னங்கழுத்தில் சூடு பட்டது. கீழே வலைக்குப் பக்கத்தில் நின்ற கரைவலை முதலாளி, சம்மாட்டி, மேலே பார்த்துக் கையை ஆட்டினார்: "தம்பிமார், கச்சான் திரும்புது, கொஞ்சம் பொறுங்கோ."

அவர் குரல் எங்களுக்கு எட்டியபோது டொரொன்டோ அண்ணன் எறிந்துவிட்டார். 12.03. எறிந்த கணத்தில் 3.4 மீற்றர். சுமையை அவர் இறக்கவில்லை. சனி பின்னேரம் வந்த காற்று வரும் என்று எதிர்பார்த்தார். முதல் மூன்று ஓட்டம் சமாளித்தார். நாலாவதில் ரிப்பன் வடமேற்கே சாய்ந்தது, பிறகு வடக்கே போயிற்று. செங்குத்திலிருந்து 45 பாகையைத் தாண்டிய நேரத்திலிருந்து நான் எண்ணினேன்: 20 செக்கன் கடந்து 40ஐயும் தாண்டியது. காற்று 2.1. விமானம் மேட்டின் மட்டத்துக்குக் கீழே போனது. கரைக்குத் திருப்பினால் பாறை, வெளியே விட்டால் கடல். அவர் கடலைத் தேர்ந்தெடுத்து, மூக்கை நிமிர்த்தி, மெதுவாகத் தண்ணீரில் வைத்தார். சரியான முடிவு. ஓகஸ்ட் கடல் குளம்போல் கிடந்ததால் சம்மாட்டியின் ஆட்கள் படகில் போய்ப் பத்து நிமிடத்தில் எடுத்து வந்தார்கள். சிறகு முழுதாக இருந்தது. உப்புத் தண்ணீர் புகுந்த சேர்வோக்களை, அதாவது சிறகின் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டர்களை, நன்னீரில் கழுவியும் இரண்டு பிழைக்கவில்லை.

12.06க்கு மாமா சுற்றை நிறுத்தினார். ஒரு மணியைக் கடந்து கடற்காற்று மறுபடி வந்தபோது, நான்காவது சுற்றை முதலிலிருந்து பறப்பதாக அறிவித்தார். அவர் சொன்ன காரணம்: வரம்புக்கு வெளியே போன காற்றில் ஒரு விமானம் விழுந்துவிட்டது.

எழுந்த வாதங்கள்

பையன் மாமாவிடம் போய் மெதுவாகத்தான் கேட்டான்: "மாமா, நான் பறக்கேக்க காத்து சரியாத்தானே இருந்தது?"

சரியாகத்தான் இருந்தது. என் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. அவனுடைய பறப்பில் ஒரு குறையும் இல்லை. ஐந்தாமவர் வரை எல்லாருடைய பறப்பும் விதிப்படி செல்லும். இதை மறுக்க யாராலும் முடியாது, மறுக்கவும் கூடாது.

பையனின் தகப்பனார் வைத்த வாதம் இன்னும் கூர்மையானது. சுமை போடுவது ஓட்டுபவரின் தீர்மானம். காற்று குறையும் என்று தெரிந்தும் ஈயத்தோடு எறிந்தால் விளைவும் அவருடையதே. அதற்காக ஏன் மற்ற ஐந்து பேரின் சுற்றை அழிக்க வேண்டும்? இதில் பாதி உண்மை. சுமை அவருடைய தீர்மானம்தான். ஆனால் விதி விமானம் ஏன் விழுந்தது என்று கேட்பதில்லை. காற்று வரம்புக்குள் இருந்ததா என்று மட்டும் கேட்கிறது. 40 செக்கனுக்கு மேலாக அது வரம்புக்குள் இருக்கவில்லை. சுமையில்லாத விமானம் தப்பியிருக்கக்கூடும் என்பதால் அவருடைய மறுபறப்பு உரிமை போய்விடாது. அதே நேரம் ஒருவருக்கு மறுபறப்பு உரிமை வந்தால் சுற்று முழுவதும் ரத்தாகாது. தகப்பனார் அந்த இடத்தில் சரி. மாமா சொன்ன காரணம் அங்கேதான் குறைபடுகிறது.

டொரொன்டோ அண்ணன் பையனுக்குப் பெரியம்மா மகன். அவரே முன்வந்து, தனக்குப் பூச்சியம் போட்டுச் சுற்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். நாலு சுற்று ஆனதும் குறைந்த ஒன்று கழிக்கப்படும் என்பதால் அவருக்கு அது பெரிய நட்டமும் இல்லை. அவர் மனசு பெரிது. ஆனால் ஒருவர் விட்டுக்கொடுப்பதால் முடிகிற விசயமாக இது இருக்கவில்லை.

ஏழாமவரும் எட்டாமவரும் இன்னும் பறக்கவில்லை. அன்றிரவு நடந்த வாதத்தில் அவர்களைப் பற்றி யாருமே கதைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். ஒருவர் மட்டக்களப்பிலிருந்து வந்தவர், மற்றவர் கொழும்பு. இருவரும் அமைதியான ஆட்கள். தாங்களாக எதுவும் கேட்கவில்லை. சுற்றைத் தொடர்வதென்றால் அவர்களும் பறந்தாக வேண்டும். 12.06க்குக் கச்சானில் பறக்க முடியாது; விதியும் விடாது. ஒரு மணிக்குப் பிறகு கடற்காற்றில் பறக்கலாம். அப்படிப் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் புள்ளித் தாளே சொல்கிறது.

கணக்கு

மறுபடி பறந்த நான்காவது சுற்று 1.20க்குத் தொடங்கியது, காற்று 8 மீற்றர். முதலாவதாக வந்தவர், காலையில் பறக்காமல் நின்ற அதே கொழும்புக்காரர்: 43 செக்கன். பழைய சுற்றைத் தொடர்ந்திருந்தால் அவர் அந்த 43ஐப் பழைய சுற்றுக்குள்ளேயே ஓடியிருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது 1000 அவருக்கு. பையனின் 58 செக்கனுக்கு 43ஐ 58ஆல் வகுத்து 741. ஐந்தாமவரின் 66க்கு 652. காலையில் மெல்லிய காற்றில் ஓடிய ஐந்து பேரும் பின்னேரக் காற்றில் ஓடிய ஒருவரோடு ஒப்பிடப்பட்டு நொறுங்கியிருப்பார்கள். அது ஓட்டியவர்களின் வித்தியாசம் அல்ல, காற்றின் வித்தியாசம்.

மறுபடி பறந்த சுற்றில் பையன் எடுத்தது 51 செக்கன். புள்ளி 843.

ஆகவே ரத்து அவனிடமிருந்து 1000ஐப் பறித்தது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. தொடர்ந்திருந்தால் அவனுக்கு 741; ரத்தானதால் 843. நூறு புள்ளி கூடுதலாகத்தான் கிடைத்தது. அவன் கையில் இருந்ததாக எல்லாரும் நினைத்த 1000, எட்டாமவர் பறந்து முடியும்வரை அவனுடையது ஆகவே இல்லை. இதை அன்றே யாராவது அவனுக்குத் தாளை வைத்து விளக்கியிருந்தால் அந்தப் பிள்ளை அவ்வளவு மனம் நொந்து வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்.

சரி, 1000 நிலைத்திருக்க வழியே இல்லையா? ஒன்று இருந்தது. காற்று அடியோடு மாறிய சுற்றைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக 1000 போடலாம். காலையில் பறந்த ஐவர் ஒரு குழு, மிச்ச மூவர் இன்னொன்று. காலைக் காற்று காலைக் காற்றோடும், பின்னேரக் காற்று பின்னேரக் காற்றோடும் ஒப்பிடப்படும். பையனுக்கு 1000 நின்றிருக்கும். மொத்தத்தில் மூன்றாமிடத்தில் முடித்தவன் இரண்டாமிடத்துக்கு ஏறியிருப்பான். மனசளவில் எனக்கும் இதுவே நியாயத்துக்கு நெருங்கிய வழியாகத் தெரிகிறது.

ஆனாலும் அன்று அதைச் செய்திருக்கக்கூடாது என்றே சொல்வேன். முதல் காரணம், மூவர் கொண்ட குழுவில் 1000 என்பது மலிவானது. அதில் ஒருவர் மாற்று விமானத்தோடு நிற்கிறார். இரண்டாவது காரணம் அதைவிடக் கனமானது. குழுவாகப் பிரிப்பது பற்றிச் சனிக்கிழமை காலையில் நாங்கள் எதுவும் உடன்படவில்லை. யார் முன்னுக்கு நிற்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு, அவருக்குப் பொருந்தும் விதியைத் தேர்ந்தெடுத்தால், அது எவ்வளவு நல்ல பிள்ளைக்காகச் செய்தாலும் போட்டி போட்டியாக இருக்காது. அடுத்த முறை முன்னுக்கு நிற்பது வேறு யாராவது ஆக இருக்கும்.

மாமா பதினைந்து நிமிடம் பார்த்துத் தொடங்கியதைப் பற்றியும் கேட்கிறார்கள். விதிப்படி பிழையில்லை, காற்று வரம்புக்குள் இருந்தது. ஆனால் கச்சான் நாளில் கடற்காற்றின் முதல் வரவை நம்பக்கூடாது என்பதைக் குறிப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. இரண்டு நாளும் ஒரு மணிக்குப் பிறகு வந்த காற்றே நின்றது. 11.40க்குத் தொடங்கியதால் நேரம் மிச்சப்படவும் இல்லை: ஐந்தாவது சுற்று முடிய நாலே முக்கால் ஆயிற்று, கொழும்புக்காரர்கள் இருட்டில்தான் போனார்கள்.

மாற்றியவை, மாற்ற முடியாதவை

அடுத்த போட்டிக்கான உடன்பாட்டை எழுதி, எட்டுப் பேருக்கும் அனுப்பி, சம்மதம் வாங்கிவிட்டோம். கச்சான் காலத்தில் ரிப்பன் தொடர்ந்து 30 நிமிடம் 45 பாகைக்குள் நின்ற பிறகே சுற்றுத் தொடங்கும். நடுவில் அரை மணிக்கு மேல் நின்றால் சுற்று முதலிலிருந்து. குழுவாகப் பிரிப்பதானால் ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது நாலு பேர் இருக்க வேண்டும். அதுவும் போட்டி தொடங்குமுன் அறிவித்திருக்க வேண்டும். காற்றுக் குறிப்பு ஒவ்வொரு பறப்புக்கும் புள்ளித் தாளிலேயே, நேரத்துக்குப் பக்கத்தில் எழுதப்படும். முன்பு அது தனிக் கொப்பியில் இருந்தது. யாரும் கேட்டால்தான் திறந்து காட்டுவேன், யாரும் கேட்பதில்லை. இனி 58 செக்கன் என்று படிக்கிறவர் 5.8 மீற்றர் என்பதையும் சேர்த்தே படிப்பார். எறியுமுன் கடலைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லச் சம்மாட்டியையே கேட்டிருக்கிறோம். அவருக்குச் சந்தோசம். அப்புறம், நுரைச் சிறகுகளுக்கும் காபன் விமானங்களுக்கும் தனித்தனிப் பட்டியல் போடலாமா என்ற யோசனையும் வந்தது. பையன் வேண்டாம் என்றுவிட்டான். எல்லாரோடும் சேர்ந்தே ஓட வேண்டுமாம். புதிய சிறகில் ஈயம் வைக்கக் குழாய் விட்டிருக்கிறான்.

பருவத்தைத்தான் மாற்ற முடியவில்லை. இந்தச் சிக்கல் முழுவதும் மாசியில் வைத்தால் இல்லாமல் போகும்: காற்று நேர் முகத்தில், நாள் முழுக்க ஒரே சீராக. உள்ளூர்க்காரரும் மட்டக்களப்புக்காரரும் வருவார்கள். ஆனால் காற்று கரைக்கு அடிக்கும் அதே காலத்தில்தான் கடலும் கரைக்கு அடிக்கிறது. கரைவலை அந்தப் பருவத்தில் ஓய்ந்திருக்கும். படகுகள் மேலே ஏற்றப்பட்டிருக்கும். ஓகஸ்டில் பத்து நிமிடத்தில் திரும்பி வந்த விமானம் மாசியில் விழுந்தால் பாறையில் அடிபட்டுத் துண்டாகத்தான் கரை சேரும். அதை எடுக்க யாராவது இளம் பிள்ளை கடலில் குதித்துவிடுவானோ என்ற பயம் எனக்கு விமானத்தைப் பற்றிய கவலையைவிடப் பெரிது. ஆகவே மாசியில் பறப்பதானால் கடலில் விழுந்ததை யாரும் எடுக்கப் போகக்கூடாது என்பதை முதல் விதியாக எழுதச் சொல்லியிருக்கிறேன். மாமா சம்மதம். டொரொன்டோ அண்ணன், அப்படியானால் தன் விமானத்தை மாசிப் போட்டிக்குப் பையனிடம் விட்டுப்போக மாட்டேன், பழையது ஒன்றைத்தான் தருவேன் என்கிறார். சம்மாட்டியிடம் வடகீழ்க் காற்று நாளில் படகு இறக்கக்கூடிய ஒதுக்கான இடம் பக்கத்தில் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறோம். பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.